ஏத்தம் எந்தப் பக்கம்?

கோத்தகிரியில் எங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவின் பழைய பாக்கெட் நோட்டு ஒன்று இருக்கிறது. அட்டையில் டீசல் கறை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு, அதற்குக் கீழே அன்றைக்கு இலை எடுக்க வேண்டிய ஊர்களின் பெயர்கள். கட்டபெட்டு, நெடுகுளா, சோலூர்மட்டம், கீழ்கோத்தகிரி என்று, ஃபேக்டரியில் யார் முதலில் போன் செய்து சொன்னார்களோ அந்த வரிசையிலேயே எழுதியிருப்பார். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் வலது பக்கத்தில் பென்சிலில் ஒரு எண் இருக்கும். முதலில் எழுதிய பெயருக்கு 6, நாலாவது பெயருக்கு 1. அதுதான் வண்டி போகும் வரிசை. சில பக்கங்களில் எண்ணை அடித்துவிட்டு வேறு எண் எழுதியிருப்பார், அதையும் அடித்துவிட்டு மூன்றாவதாக ஒன்று.

அப்பா இருபது வருடத்துக்கு மேல் தேயிலை ஃபேக்டரிக்கு இலை லாரி ஓட்டினார். சிறு விவசாயிகள் பறித்த பச்சை இலையை ஹட்டிக்கு ஹட்டி (எங்கள் பக்கம் சிற்றூரை அப்படித்தான் சொல்வோம்) எடை போடும் ஷெட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு சாயங்காலத்துக்குள் ஃபேக்டரிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இலை மூட்டைக்குள்ளேயே அதிக நேரம் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், அதற்கு விலை கிடைக்காது. அதனால் எந்த ஷெட்டுக்கு முதலில் போவது என்பது அந்த வேலையில் சின்ன விஷயமே இல்லை.

இப்போது அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே என் நோட்டும் இருக்கிறது. அதிலும் பெயர்கள், வலது பக்கம் பென்சில் எண்கள். நான் எழுதுவது நட்சத்திரங்களின் பெயர்.

நான் ஆடுவது எலைட் டேஞ்சரஸ். 2014 டிசம்பரில் வந்த விண்வெளி வீடியோ ஆட்டம். நம் பால்வீதி மண்டலம் முழுவதையும் அதன் உண்மையான அளவிலேயே உள்ளே வைத்திருக்கிறார்கள், ஏறக்குறைய 40,000 கோடி நட்சத்திரங்கள். ஒரு கப்பல் கொடுப்பார்கள், பிறகு உங்கள் பாடு. சண்டை போடலாம், சுரங்கம் தோண்டலாம், ஆள் இல்லாத பக்கம் போய்க் கிரகங்களை அளந்து வரலாம். எனக்குப் பிடித்தது சரக்கு ஏற்றி இறக்குவது. ஒரு ஸ்டேஷனில் ஏழெட்டு டெலிவரி வேலைகளை ஒன்றாக எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே சுற்றில் முடித்துத் திரும்புவது. இதில் எனக்கு ஒரு தனி ருசி இருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஆட்டத்துக்குள் இருக்கும் வரைபடம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அருமையாக வழி போட்டுக் கொடுக்கும். கப்பல் ஒரே ஜம்ப்பில், அதாவது ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒரே தாவலில், எத்தனை ஒளியாண்டு தாண்டும் என்று அதற்குத் தெரியும், அதை வைத்து நடுவில் எந்தெந்த நட்சத்திரத்தில் நின்று போக வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டிவிடும். ஆனால் ஏழு இடங்களைக் கொடுத்து எந்த வரிசையில் போகலாம் என்று கேட்டால், அது நம் தலையில்தான்.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இப்போது நிற்கும் இடத்துக்கு எது கிட்டே இருக்கிறதோ அங்கே போ, அங்கிருந்து எது கிட்டேயோ அங்கே போ. முதல் நாலைந்து இடம் வரைக்கும் இது ரொம்ப நன்றாக வேலை செய்வதுபோலவே இருக்கும். இரண்டு ஜம்ப், மூன்று ஜம்ப், மறுபடி இரண்டு. ஆனால் வழியில் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது என்று விட்டுவிட்டு வந்த ஒன்று கடைசியில் எங்கோ ஒரு மூலையில் தனியாக நிற்கும். அதற்கு மட்டும் 9 ஜம்ப் போய், அங்கிருந்து கிளம்பிய இடத்துக்குத் திரும்ப இன்னும் 8 ஜம்ப். ஒரு சனிக்கிழமை ராத்திரி இப்படி 34 ஜம்ப் அடித்து முடித்தபோது மணி ஒன்றரை. மறுநாள் அதே ஏழு இடங்களைக் காகிதத்தில் எழுதி வரிசையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், 25 வந்தது. ஒதுங்கி நின்ற அந்த இடத்துக்கு மூன்றாவதாகவே போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அது சுற்று வழியாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்பா ஒருநாள் டீ குடித்துக்கொண்டே எனக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். கறுப்பு வானத்தில் ஆரஞ்சுக் கோடுகள். என்ன இது என்றார். சொன்னேன். சரக்கு, ஸ்டேஷன், ஏழு இடம், எந்த வரிசையில் போவது என்று யோசிக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல ஏத்தம் எந்தப் பக்கம்டா?" என்றார்.

விண்வெளியில் ஏற்றம் இறக்கம் எல்லாம் கிடையாது அப்பா என்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை, ஏனென்றால் ஏற்றம் இருக்கிறது. அதற்குப் பெயர் எடை.

நான் அப்போது ஓட்டிய கப்பல் பைதான். 200 டன்னுக்கு மேல் ஏற்றலாம். காலியாக இருந்தால் என் பைதான் ஒரே ஜம்ப்பில் 30 ஒளியாண்டு தாண்டும். முழு லோடு ஏற்றினால் 22தான். 240 ஒளியாண்டு தூரத்தைக் காலி வண்டி 8 ஜம்ப்பில் முடித்துவிடும், லோடு வண்டிக்கு 11 ஜம்ப் வேண்டும். எரிபொருளுக்கும் எடை உண்டு, டேங்க் நிரம்பியிருந்தால் அதுவும் தாண்டும் தூரத்தைக் குறைக்கும். லாரிக்கு ஏற்றம் என்றால் கப்பலுக்கு லோடு.

அப்பாவின் வழக்கம் எனக்குத் தெரியும். காலி வண்டியோடு கடைசி ஹட்டி வரைக்கும் முதலில் போய்விடுவார், வழியில் எந்த ஷெட்டிலும் நிற்க மாட்டார். திரும்பி வரும்போதுதான் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வருவார். ஃபேக்டரிக்குக் கிட்டே இருக்கும் ஷெட்டு கடைசி. லோடோடு ஓடுகிற தூரம் அப்போதுதான் குறையும், முதலில் ஏற்றிய இலையும் அதிக நேரம் வண்டியில் கிடக்காது. சரி, இதையே நானும் செய்வோம் என்று, அடுத்த சுற்றில் தூரத்து ஸ்டேஷனுக்கு முதலில் போய், கிட்டே இருப்பதைத் திரும்பி வரும் வழியில் முடிக்கலாம் என்று வைத்தேன். அந்தக் கிட்டே இருக்கும் ஸ்டேஷனுக்கு மட்டும் 130 டன். சுற்று முழுக்க அந்த 130 டன்னைச் சுமந்துகொண்டே அலைந்தேன். ஒரு ஜம்ப்புக்கு 23, 24 ஒளியாண்டைத் தாண்டவே இல்லை. முதல் நிறுத்தத்திலேயே அதை இறக்கியிருந்தால் 27 வரை வந்திருக்கும்.

அப்பா செய்வது வசூல், நான் செய்வது விநியோகம். அவருக்குப் போகப் போக லோடு ஏறும், எனக்குப் போகப் போக இறங்கும். அவருடைய வரிசையைக் கண்ணாடியில் காட்டினால் வருவதுதான் எனக்கு வேண்டிய வரிசை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் சொல்லி மாளாது. வழக்கம் என்று நாம் பார்ப்பது மேலே தெரிவது, அதற்கு அடியில் அவர் குறைத்துக்கொண்டிருந்தது சுமையோடு ஓடும் தூரத்தை. இப்போது வேலை எடுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது எத்தனை டன் என்பதைத்தான், எத்தனை ஒளியாண்டு என்பது அப்புறம்.

தூரம் என்றதும் இன்னொன்று. மலையில் யாரிடமாவது இந்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீட்டர் சொல்ல மாட்டார்கள். முக்கால் மணி நேரம் என்பார்கள், பஸ்ஸில் போனால் ஒரு மணி என்பார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் கூடலூர் சுற்றிப் போவதில் ஏறக்குறைய பாதித் தூரம்தான். ஆனால் அந்த வழியில் 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம், வண்டியைச் சின்ன கியரிலேயே பிடித்து இறக்க வேண்டும். தெரியாதவர்கள் பிரேக்கை நம்பி இறங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வரைபடத்தில் அது குட்டி வழியாகத்தான் தெரியும்.

ஆட்டத்தில் இதற்கு நேரான இடம் ஒன்று உண்டு, ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும்: ஹட்டன் ஆர்பிட்டல். ஆல்ஃபா சென்டாரியில் இருக்கிறது. நம் சூரியனிலிருந்து நாலரை ஒளியாண்டுகூட இல்லை, எந்தக் கப்பலும் ஒரே ஜம்ப்பில் போய்விடும். ஆனால் ஜம்ப் முடிந்து நாம் வந்து நிற்கும் நட்சத்திரத்திலிருந்து அந்த ஸ்டேஷன் 0.22 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, அதாவது 68 லட்சம் ஒளிநொடிக்கு ஒட்டி. அந்தத் தூரத்தை ஜம்ப்பில் தாண்ட முடியாது, சூப்பர்குரூஸில் நேராக ஓட்டித்தான் போக வேண்டும். அதன் உச்ச வேகம் ஒளியின் வேகத்தைப்போல 2001 மடங்கு, அப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புதிதாக வருகிறவர்கள் ஒரே ஜம்ப்தானே, நல்ல காசு கொடுக்கிறார்களே என்று வேலையை எடுத்துவிட்டு, வந்து சேர்ந்தபின் எதிரில் இருக்கும் எண்ணைப் பார்த்து விழிப்பார்கள். 2024-இல் வந்த புதிய எஞ்சின்கள் இந்த ஓட்டத்தை வேகமாக்கிவிட்டன, ஆனால் எரிபொருளை அதே வேகத்தில் குடிக்கும், சூடும் ஏறும்.

அதனால் நான் எல்லாவற்றையும் நிமிடத்துக்கு மாற்றிக்கொண்டேன். என் கையில் ஒரு ஜம்ப் ஏறக்குறைய ஒரு நிமிடம். சில நூறு ஒளிநொடி தள்ளி இருக்கும் ஸ்டேஷன் நாலைந்து நிமிடம். லட்சம் ஒளிநொடி என்றால் இருபது நிமிடத்தை நெருங்கிவிடும். தூரம் நூறு மடங்கு கூடினாலும் நேரம் நூறு மடங்கு கூடுவதில்லை, ஏனென்றால் நட்சத்திரத்தையும் கிரகங்களையும் விட்டு விலக விலக வேகம் தானே ஏறும், அருகில் வந்தால் இறங்கும். அப்படிப் பார்த்தால் ஒரு ஸ்டேஷன் இருபது நிமிடம் கேட்கிறது என்றால் அது இருபது ஜம்ப்புக்குச் சமம். அந்த ஒரு வேலையை விட்டுவிட்டு மற்ற ஆறையும் எடுத்தால் அரை மணி நேரம் மிச்சம். வழி போடுவதற்கு முன்னால், எந்த வேலையை எடுப்பது என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது. அப்பாவும் அப்படித்தான், அரை கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஷெட்டு இருந்தால், "அண்ணே, ரெண்டு பேரும் ஒரே இடத்துல கொண்டாந்து வெச்சிருங்க" என்று பேசி முடித்துவிடுவார். ஒரு நிறுத்தம் குறைந்தது.

இனி அந்தக் காகித வேலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கேட்டவர்களுக்கு நான் ஒருபோதும் சரியாகச் சொன்னதில்லை.

ஏழு இடம் என்றால் வரிசைகள் 5,040. பன்னிரண்டு இடம் என்றால் 47 கோடியே 90 லட்சத்துக்கு மேல். எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஆளில்லை. இது விற்பனையாளர் பயணக் கணக்கு என்று கணிதத்தில் பேர் போன சிக்கல். 1954-இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறுகிய வழி இதுதான் என்று நிரூபித்தார்கள். 2006-இல் 85,900 புள்ளிகள் கொண்ட ஒரு கணக்கையும் கணினியால் முடித்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. நல்ல வரிசை ஒன்று கிடைத்தால் போதும், ஆகச் சிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நான் செய்வது இது. முதலில் ஏதோ ஒரு வரிசையை எழுதுவேன். அப்புறம் ஒரு கட்டம் போட்டு, எதிலிருந்து எதற்கு எத்தனை ஜம்ப் என்று நிரப்புவேன். ஏழு இடத்துக்கு 21 ஜோடி, கால் மணி நேர வேலை. பிறகு வரிசையில் ஏதாவது இரண்டு நீளமான தாண்டல்களை எடுத்துக்கொள்வேன். அ-விலிருந்து ஆ-வுக்கு 6 ஜம்ப், கொஞ்சம் தள்ளி இ-யிலிருந்து ஈ-க்கு 5 ஜம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 11. இந்த இரண்டையும் வெட்டிவிட்டு, அ-விலிருந்து நேராக இ-க்குப் போய், நடுவில் இருப்பதைப் பின்பக்கமாகச் சுற்றி ஆ-வுக்கு வந்து, அங்கிருந்து ஈ-க்குப் போனால்? அ-வுக்கும் இ-க்கும் 3, ஆ-வுக்கும் ஈ-க்கும் 4. மொத்தம் 7. நாலு ஜம்ப் மிச்சம். மிச்சம் வந்தால் மாற்றத்தை வைத்துக்கொள், வராவிட்டால் பழையபடி விடு. அடுத்த ஜோடியை எடு. பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்தால் பெரும்பாலும் அதற்கு மேல் குறையாத ஓர் இடத்துக்கு வந்து நிற்கும்.

தட்டையான வரைபடத்தில் இது இன்னும் சுலபம், ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கோடுகளைப் பிரித்துவிட்டால் போதும், தூரம் கட்டாயம் குறையும். ஆனால் வானம் தட்டை இல்லை. திரையில் வெட்டிக்கொள்வதுபோலத் தெரியும் இரண்டு கோடுகளில் ஒன்று மேலே நூறு ஒளியாண்டு உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். எங்கள் பக்கத்திலும் அப்படித்தான், இந்த மேட்டில் நின்று கூப்பிட்டால் எதிர் மேட்டு ஹட்டியில் கேட்கும், நடுவில் பள்ளம், ரோட்டில் போனால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு ஜம்ப் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். நடுவில் இருப்பதைத் திருப்பிப் போடும்போது அந்தப் பகுதிக்கு ஆகும் ஜம்ப் மாறாது என்று மேலே கணக்குப் போட்டேன் அல்லவா? லோடு இல்லாவிட்டால் சரிதான். லோடு இருந்தால் எந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்பதைப் பொறுத்து எடை மாறும், ஜம்ப்பும் மாறும். எங்கள் மலை ரயிலையே பாருங்கள், மேட்டுப்பாளையம் ஊட்டி 46 கி.மீ., ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்தை ஒட்டி ஆகிறது, இறங்குவதற்கு மூன்றரை மணி நேரம். தண்டவாளம் ஒன்றுதான். அதனால் கட்டத்தில் இப்போது இரண்டு எண் எழுதுகிறேன், லோடோடு ஒன்று, காலியாக ஒன்று. நடுத்தர எடைக்கு இரண்டுக்கும் இடையில் ஒன்றை மனக்கணக்காக வைத்துக்கொள்வேன்.

எரிபொருள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கப்பலில் ஃப்யூல் ஸ்கூப் இருந்தால் நட்சத்திரத்தை ஒட்டிப் பறந்தே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம், ஆனால் எல்லா நட்சத்திரத்திலும் கிடைக்காது. கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகைகளில் மட்டும்தான். பழுப்புக் குள்ளன்கள் என்னும் மங்கலான குட்டி நட்சத்திரங்களில் ஒரு சொட்டு வராது. வெளிப்பக்கம் ஒரு நீண்ட பயணத்தில் நான் வகையைப் பார்க்காமல் வரைபடம் போட்ட கோட்டிலேயே போய்க்கொண்டிருந்தேன். வரிசையாகப் பழுப்புக் குள்ளன்கள், நாலு, ஐந்து, ஆறு. டேங்க் சிவப்புக்கு வந்து, ஒரு ஜம்ப்புக்குக்கூடப் போதாமல் நின்றது. ஃப்யூல் ராட்ஸ் என்று ஒரு குழு இருக்கிறது, ஆடுகிறவர்களே காசு வாங்காமல் செய்கிறார்கள், எங்கே மாட்டினாலும் வந்து எரிபொருள் கொடுப்பார்கள். அவர்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எரிபொருள் சுத்தமாகத் தீர்ந்தால் மூச்சுக்காற்று மிச்சத்தை எண்ணும் ஆக்ஸிஜன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதா என்பது. இன்னும் இல்லை என்றேன். உடனே ஆட்டத்திலிருந்து வெளியேறி மெனுவில் காத்திருங்கள் என்றார்கள். முக்கால் மணி நேரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் அந்த இருட்டுக்குள் வந்து, என் கப்பலுக்குப் பக்கத்தில் நின்று, குட்டி டிரோன்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். டேங்க் முள் மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த நாட்டுக்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது வரைபடத்தில் வழி போடும்போது நிரப்ப முடிகிற நட்சத்திரங்களை மட்டும் வடிகட்டிக்கொள்கிறேன், இரண்டு ஜம்ப் கூடுதலானாலும் பரவாயில்லை.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். சிறிய அவுட்போஸ்ட்களில் பெரிய கப்பல் இறங்கும் மேடை கிடையாது, எவ்வளவு சரக்கு இருந்தாலும் வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். எஸ்டேட் ரோட்டுக்குள் லாரி திரும்பாத மாதிரி. சில வேலைகளுக்கு நேரக்கெடு உண்டு, அதை வரிசையில் முன்னால் தள்ள வேண்டும். என் சித்தப்பா மைசூர் பக்கம் காய்கறி லோடு ஓட்டினார். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் அவருடைய நாள் முழுவதையும் அந்த 9 மணியிலிருந்து பின்னோக்கித்தான் எண்ணிக்கொண்டு வருவார். நேரக்கெடு உள்ள வேலைக்கு நானும் கடைசியிலிருந்துதான் எண்ணுகிறேன்.

இப்போது பெரிய பயணம் ஒன்றில் இருக்கிறேன், ஆட்டத்தில் வெகுதொலைவில் இருக்கும் கொலோனியா என்ற குடியேற்றத்துக்கு. சூரியனிலிருந்து 22,000 ஒளியாண்டு. என் பயணக் கப்பல் 50 ஒளியாண்டு தாண்டும், அப்படியே நேராகப் போனால் 440 ஜம்ப். நியூட்ரான் நட்சத்திரத்தின் பீச்சலுக்குள் நுழைந்து எஞ்சினைச் சார்ஜ் செய்தால் அடுத்த ஒரு ஜம்ப் மட்டும் நாலு மடங்கு, 200 ஒளியாண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் எஞ்சின் கொஞ்சம் தேயும், நியூட்ரான் நட்சத்திரத்தில் எரிபொருளும் கிடைக்காது. ஆகவே நியூட்ரான், நியூட்ரான், நடுவில் நிரப்ப ஒரு மஞ்சள் நட்சத்திரம், எஞ்சினைச் சரிபார்க்க ஒரு நிறுத்தம், மறுபடி நியூட்ரான் என்று கோத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் பார்க்க வேண்டும் என்று குறித்துவைத்த நெபுலாக்கள் (வாயுவும் தூசியுமான மேகங்கள்) வேறு ஐந்து இருக்கின்றன, நேர் வழியில் ஒன்றுகூட இல்லை.

நேற்று ராத்திரி அந்த ஐந்தையும் நோட்டில் எழுதி, கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை, கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. அப்பா எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை நானே சொன்னேன், இதில் லோடு இல்லை, அதனால் ஏற்றமும் இல்லை, டேங்க் நிரப்பும் இடம்தான் கணக்கு என்று. பென்சிலை வாங்கி, நான் 4 என்று போட்டிருந்த பெயருக்கு எதிரே விரலை வைத்து, இதற்கு முன்னால் பங்க் இருக்கிறதா என்று கேட்டார். வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கம் பதினோரு ஜம்ப்புக்கு நிரப்ப எதுவும் இல்லை. 4-ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினார்.